சைக்கிளுக்குப் பின்னால் ஓடியவர்

கடிகாரக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தைந்து வருஷத்தை முக்காலியில் உட்கார்ந்தே கழித்திருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு எள்ளளவு திருகாணிகளைக் கழற்றி மாட்டுகிற வேலை. கை மட்டும் அசையும். மற்றதெல்லாம் சும்மா கிடக்கும். சும்மா கிடந்த இடமெல்லாம் சதை போட்டுவிட்டது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் அடுத்த முறை மாத்திரைதான் என்று சொல்லிவிட்டார்.

மனிதர் முயற்சி செய்யாமல் இல்லை. பூங்காவில் நடந்தார். தொழில் புத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் கடிகாரத்தைப் பார்த்தார். நிமிஷங்கள் நகர மாட்டோம் என்று அடம்பிடித்தன. எட்டாம் நாள் முட்டி வலி என்று நின்றுகொண்டார். அப்புறம் உடற்பயிற்சிக் கூடம். அங்கே நாலு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் தொப்பையே எதிரே வந்து நின்றது. அதுவும் பத்து நாளோடு சரி. வீட்டில் மனைவி அவருக்கென்று தனித் தட்டு போட்டாள்: அவித்த பீன்ஸ், அவித்த காரட். மற்றவர்கள் தட்டில் வறுவல் மணக்கும். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே சாப்பிட்டு எழுவார். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு வரும் வழியில் ஒரு கிரீம் பன்னை விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குள் நுழைவார்.

அந்தச் சமயத்தில் மருமகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்தது. பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் எடுக்கும். சைக்கிளில் குறுக்கே போனால் கால் மணிதான். அவளுக்கோ சைக்கிள் ஓட்டத் தெரியாது. மகன் விடிவதற்குள் அச்சகத்துக்குக் கிளம்பிவிடுவான். அதனால் மாமாவிடம் வந்தாள்.

"நீங்க சீட்ட மட்டும் பிடிச்சுக்குங்க மாமா. அது போதும்."

அவரும் அது போதும் என்றுதான் நம்பினார். வீட்டை ஒட்டிய கிடங்குக்குப் பின்னால் லாரி நிறுத்தும் மைதானம் காலையில் காலியாக இருக்கும். சைக்கிள் நகர்ந்ததும்தான் கூடவே தானும் ஓட வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. இருபது எட்டில் மூச்சு இரைத்தது. அவர் பிடியை விட, அவள் நேராகப் போய் அட்டைப் பெட்டிக் குவியலுக்குள் புகுந்தாள். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து முதலில் கேட்டது அவள் சிரிப்புதான். அவருக்கும் சிரிப்பு வந்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கிடங்குக் காவலாளி வெளியே வந்து இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் அவர்தான் முதலில் எழுந்து அவள் அறைக் கதவைத் தட்டினார். நாட்கள் ஓடின, அவரும் ஓடினார். ஒரு நாள்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் விழாமல் இருக்க வேண்டுமே என்கிற கவலையில் முட்டியின் நினைவே வரவில்லை.

இரண்டு சமையல் செய்து அலுத்துப்போன மனைவி, ஒரு காலை எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெரிய பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். மிளகும் பூண்டும் போட்டுப் புரட்டிய பீன்ஸ், மேலே எலுமிச்சை பிழிந்தது. மைதானத்திலிருந்து வந்தவர் பாதிப் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டு, இதில் என்ன போட்டாய் என்று கேட்டார்.

"புதுசா ஒண்ணும் போடல. நீங்கதான் பசியோட வந்திருக்கீங்க," என்றாள் மனைவி.

கிரீம் பன்னை விடுவதாக அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஒரு மாலை, பல நாளாக அந்தக் கடைப் பக்கமே போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உடனே போய் ஒன்று வாங்கி ரசித்துச் சாப்பிட்டார். மறுநாள் அதன் ஞாபகம் வரவில்லை.

ஆறாவது வாரத்தில், ஓட்டிக்கொண்டே பக்கவாட்டில் பார்த்த மருமகள் திகைத்துப்போனாள். மாமா இரண்டு கையையும் வீசிக்கொண்டு அவளுக்குச் சமமாக ஓடி வந்துகொண்டிருந்தார். பிடியை எப்போது விட்டீர்கள் என்று கேட்டாள். முந்தாநாளே விட்டுவிட்டதாகச் சொன்னார்.

அவள் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவருக்குப் பெருமைதான். ஆனால் காலையில் கால் இரண்டும் துறுதுறுத்தன. ஓட ஒரு காரணம் இல்லை. நாலு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினார்.

ஐந்தாம் நாள், மருமகள் வேலைக்குக் கிளம்புவதற்கு வெகு முன்பே, மனைவி அவள் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கும் பிடிப்பீங்களா?"

"உனக்கா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா? ஆறு வாரமா மாடியில நின்னு நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறதையே பாத்துக்கிட்டிருந்தேன்."

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. சைக்கிளை இறக்கினார். அவள் மருமகளைவிடக் கனம், தைரியமும் அதிகம். விழுந்தால் புழுதியைத் தட்டிக்கொண்டு, நீங்கள் மெதுவாக ஓடியதால்தான் விழுந்தேன் என்று அவர் மேலேயே பழி போட்டாள்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"அது எனக்கு ஒத்துவராது டாக்டர். ரெண்டு தடவ ஆரம்பிச்சு விட்டுட்டேன்," என்றார் கடிகாரக்காரர், உண்மையாகவே.

பக்கத்தில் இருந்த மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சிரித்தார், கடிகாரக்காரருக்குச் சற்று வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலை, இன்றைக்கு மைதானம் வேண்டாம், மேட்டுச் சாலை என்றாள் மனைவி. அவர் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். நிமிர்வதற்குள் அவள் சைக்கிளில் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். நாடா ஒன்று அவிழ்ந்தபடியே அவர் ஓட ஆரம்பித்தார்.