ஹன்னாவின் கல்யாண ரொட்டி

கேரளத்து உடும்பஞ்சோலைப் பக்கம் காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளில் எல்லாம் பாட்டு அலறும். ஆனந்தகுமாரின் ஜீப்பில் மட்டும் அலறாது. அதில் கதை வாசிப்பார்கள். நடுவில் பாட்டுப் போட்டால் உள்ளே இருக்கிற பெண்கள் அவனை இறக்கி விட்டுவிட்டு ஜீப்பைத் தள்ளிக்கொண்டாவது போய்விடுவார்கள் என்று அவனுக்கு ஒரு பயம். வளைவில் ஹாரன் அடிப்பதைக்கூட வரி முடிகிறவரைக்கும் தள்ளிப்போட்டுப் பார்ப்பான்.

எல்லாம் ஆனந்தி ஆரம்பித்து வைத்தது. போகிற வழியில் பாதிக்கு மேல் டவர் கிடையாது, போனில் சீரியல் பார்க்க வழியில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு ஏலக்காய் எடுக்க வந்துகொண்டிருந்த அந்தப் பெண், வாயனசாலை என்கிற டவுன் நூலகத்தில் தமிழ் அலமாரி என்று ஒன்று தூசி பிடித்துக் கிடப்பதைக் கண்டுபிடித்தாள். அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிற ஜிஸ்மிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் கொடுப்பாள். தலையில் துணி கட்டிய பெண்கள் படம் போட்ட இரண்டு தடிப் புத்தகங்களை எடுத்து, “இது உங்க ஆளுகதான், கொண்டு போ” என்றாள்.

உள்ளே பார்த்தால் ஒன்று ரஷ்யாக்காரியின் கதை, இன்னொன்று உக்ரைன்காரியின் கதை. ரஷ்யக் கதையில் ராணியின் அரண்மனையில் சரிகை பின்னுகிற ஒருத்திக்கு மூன்று பெயர். அது தெரியாமல் பாதிப் புத்தகம்வரை மூன்று பெண்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்திதான் என்று தெரிந்த அன்றைக்கு அதே ஜீப்பில் வருகிற மாரீஸ்வரிக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. “மூணு பேருக்காகல்லடி அழுதேன்!” என்று நாள் முழுக்கப் புலம்பினாள்.

உக்ரைன் கதைதான் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. ஹன்னா என்று ஒருத்தி. பழைய பெரிய சண்டையில் புருஷன் போய்விட்டான். செத்தான் என்றும் தகவல் இல்லை, இருக்கிறான் என்றும் தகவல் இல்லை. அவள் வீட்டில் ஒரு பக்கத்து அறையில் வீரா என்கிற ரஷ்ய டீச்சர் குடியிருக்கிறாள். அவள் புருஷன் செத்ததற்குக் காகிதம் வந்துவிட்டது. இந்த இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் பீட்ரூட் சூப் வைத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு, பிறகு ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்க முடியாமல் ஆகிறார்கள். ஜீப்பில் ஹன்னாவுக்கு அன்னம் என்றும் வீராவுக்கு வீராயி என்றும் பேர் வைத்தாயிற்று.

“இம்புட்டு ஒட்டுறவா இருந்தவளுக ஊருக ரெண்டும் இப்ப ஏண்டி வெட்டிக்கிருதுக?” என்று கேட்டாள் குருவம்மாள். ஜிஸ்மியின் அண்ணன் அங்கே டாக்டருக்குப் படிக்கப்போய், குண்டு விழவும் போட்ட சட்டையோடு ஓடி வந்தவன் என்பதால் உக்ரைன் அவர்களுக்குத் தெரியாத ஊர் இல்லை.

குருவம்மாள் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு யாரிடமும் பதில் இருக்காது. கையெழுத்து போடுகிற அளவுக்குத்தான் அவளுக்கு எழுத்து. காதோ கூர்மை. பனி இடுப்புவரைக்கும் விழுந்து கிடந்தால் பெண்கள் ஒதுங்க எங்கே போவார்கள் என்று ஒருநாள் கேட்டாள். ஆனந்தி பின்னாலும் முன்னாலும் புரட்டினாள். புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. “அப்ப இத எழுதுனது ஆம்பளதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் குருவம்மாள்.

அவர்களும் ஒரு பெரிய தப்புப் பண்ணினார்கள். தானியம் ஒளித்து வைத்தாள் என்று சந்தேகப்பட்டு, ஊர் அதிகாரி ஒருவன் நடுச்சந்தையில் ஹன்னாவின் தலைத்துணியைப் பிடுங்கி எறிகிறான். ஜீப்பில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அட்டைக்கும் மழைக்கும் பயந்து தினமும் தலையில் துண்டு கட்டுகிறவர்கள் அவர்கள். வேலை முடிந்தால் அவிழ்த்து உதறிவிட்டுப் போகவேண்டியதுதானே? ஆனால் ஹன்னா வீட்டை விட்டே வெளியே வரவில்லை. கிணற்றுக்குக்கூடப் போகவில்லை. “ஒரு துண்டுக்கா இந்தப் பாடு” என்று மாரீஸ்வரி அலுத்துக்கொண்டாள். அப்புறம்தான் வீரா வந்து ஆறுதல் சொல்கிற இடத்தில் விஷயம் தெரிந்தது. அங்கே கல்யாணம் ஆன பெண்ணின் தலைத்துணி, இங்கே கழுத்தில் கிடப்பதைப் போல. “அந்தப் பக்கத்துக்குத் திரும்பப் போடி” என்றார்கள். ஆனந்தி சந்தைக் காட்சியை மறுபடி வாசித்தாள். இந்த முறை எல்லாரும் அழுதார்கள்.

குருவம்மாள் மட்டும் அழவில்லை. சேலைக்குள் கையை விட்டுத் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் மொக்கையன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன். மகள் வனிதா அப்போது ஆறாவது படித்தாள். வரும்போது கம்பளி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு போனான். போன் பண்ணினான், பிறகு போனை எடுக்கவில்லை, பிறகு அந்த நம்பரே இல்லை. போலீஸில் சொல்லி, திருப்பூரில் தெருத்தெருவாக அலைந்து, குறி கேட்டு எல்லாம் ஆயிற்று. குங்குமம் வைப்பதா அழிப்பதா என்பது குருவம்மாளைத் தவிர மற்ற எல்லாருக்கும் பெரிய பிரச்சினையாக இருந்தது. அவள் பாட்டுக்கு வைத்துக்கொண்டு காய் எடுக்கப் போனாள், மகளை நர்சிங் படிக்க வைத்தாள், இப்போது காந்தலூரில் பூண்டு விவசாயம் பார்க்கிற ஒரு நல்ல பையனுக்குப் பேசி முடித்திருந்தாள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. மொக்கையனின் அண்ணன் பெரியமுத்து அவள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, நல்ல மனசோடுதான் சொன்னார்.

“குருவம்மா, பன்னெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. கல்யாணத்துக்கு முன்ன ஒரு நாளப் பாத்துத் தம்பிக்குக் காரியம் செஞ்சிருவோம். அது வேணாம்னா, நானும் உங்க அக்காவும் நின்னு தாரை வாத்துக் குடுத்திர்றோம். ரெண்டுல ஒண்ணச் சொல்லு. ஞாயித்துக்கெழம பத்திரிக்கை அடிக்கக் குடுக்கணும்.”

காரியம் செய்தால் அவள் தாலியை இழந்தவள், மணவறையில் நிற்கக்கூடாது. காரியம் செய்யாவிட்டால் அவள் ஜோடியில்லாதவள், அப்போதும் நிற்கக்கூடாது. இரண்டில் ஒன்று என்கிறாரே, இரண்டும் ஒன்றுதானே என்று குருவம்மாளுக்குத் தோன்றியது. பெற்றதும் வளர்த்ததும் அவள், மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவள் பின்வரிசையில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொல்வதாக அவரை அனுப்பிவைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஆனந்தி வாசித்த இடத்தில் ஹன்னாவின் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணத்துக்கு அங்கே பெரிய ரொட்டி சுடுவார்களாம், கொரோவாய் என்று பேர். மேலே மாவிலேயே பறவையும் பூவும் செய்து ஒட்டுவார்களாம். மாவு பிசைய ஊர்ப் பெண்கள் கூடிப் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். ஆனால் புருஷன் உயிரோடு இருக்கிறவள்தான் அந்த மாவைத் தொடலாம். ஹன்னா கையைக் கழுவிக்கொண்டு வந்து நிற்கிறாள். பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறார்கள். மாவுத்தொட்டிக்கும் அவளுக்கும் நடுவில் மூத்தவள் ஒருத்தி வந்து நிற்கிறாள்.

“அங்கயுமா!” என்றாள் மாரீஸ்வரி.

ஜீப் தோட்டத்து வாசலில் நின்றது. கங்காணி கையைத் தட்டினார். குருவம்மாள் இறங்கவில்லை. “மேல ரெண்டு வரி வாசிடி” என்றாள். வாசிக்க முடியாது. புத்தகத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய் முன்கூட்டியே படித்துவிடக்கூடாது என்று சட்டம் போட்டு, முருகன் படத்துக்குக் கீழே இருக்கிற பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை ஆனந்தகுமாரிடம் கொடுத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டதே குருவம்மாள்தான்.

அன்றைக்கு அவள் எடுத்த காயில் பிஞ்சும் பழமும் கலந்திருந்தது. கங்காணி ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த அம்மா மூத்தவளைத் தள்ளிவிட்டிருப்பாளா? அழுதுகொண்டு திரும்பிப் போயிருப்பாளா? வீராயி வந்து ஏதாவது பேசியிருப்பாளா? பனியும் பீட்ரூட்டும் உள்ள ஒரு ஊரில், தன் பேரே தெரியாத ஒருத்திக்கு, தன் கஷ்டம் அப்படியே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

வெள்ளிக்கிழமை காற்றில் மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது. ஜீப் வரவில்லை. குருவம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு ஆனந்தகுமார் வீடுவரைக்கும் நடந்தே போய், “தம்பி, அந்தப் பொட்டியத் தொற” என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். “நீங்க போட்ட சட்டந்தானக்கா” என்றான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வந்த வழியே திரும்பினாள்.

சனிக்கிழமை ரோடு திறந்து ஜீப் வந்தது. ஆனந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த அத்தியாயத்தைத் திறந்தாள்.

“ஏழு வருடங்கள் கழிந்தன. நதி இரண்டு முறை கரையை உடைத்துவிட்டிருந்தது...”

“நில்லுடி. ரெண்டு பக்கத்தச் சேத்துத் திருப்பிட்ட” என்றாள் மாரீஸ்வரி.

ஆனந்தி பக்கங்களை எச்சில் தொட்டுப் பிரித்துக் காட்டினாள். எண் சரியாக இருந்தது. கல்யாணத்தை எழுதவே இல்லை. மாவுத்தொட்டிக்கு முன்னால் ஹன்னாவை நிறுத்தியது நிறுத்தியபடி இருக்க, கதை ஏழு வருஷம் தாண்டிப் போய்விட்டது. ஜீப்பில் எழுந்த சத்தத்தில் ஆனந்தகுமார் பிரேக்கே போட்டுவிட்டான்.

“ஆம்பளதான்டி எழுதியிருக்கான், சந்தேகமே இல்ல!”

நாளைக்குப் பெரியமுத்து வந்துவிடுவார். யாரையோ நம்பிப் போய்க் குருவம்மாள் பாதிவழியில் கைவிடப்பட்டது இது இரண்டாவது முறை.

சாயங்காலம் திரும்பும்போது வழக்கமாக வாசிக்க மாட்டார்கள், எல்லாரும் தூங்கி விழுவார்கள். அன்றைக்கு ஆனந்தி தானாகவே சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். வெளிச்சம் இருக்கிறவரைக்கும் வாசிப்போம் என்றாள். ஹன்னாவின் மகள் தன் குழந்தைக்குச் சோறூட்டுகிற இடம். குழந்தை ரொட்டியின் கருகிய ஓரத்தைத் துப்புகிறது. மகள் சிரிக்கிறாள். ஆனந்தி அசதியில் வேகமாக வாசித்துக்கொண்டு போனாள்.

“‘இதற்கே முகம் சுளிக்கிறாயே. என் கல்யாண ரொட்டி ஒரு பக்கம் முழுக்கக் கருகிவிட்டது. உன் பாட்டி அடுப்பைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.’ பிறகு அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு...”

“நில்லு” என்றாள் குருவம்மாள். “அத திரும்ப வாசி.”

ஆனந்தி வாசித்தாள். ஜீப்பில் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அவதான் சுட்டிருக்கா” என்றாள் குருவம்மாள். “அத்தன பேரு தடுத்துப் பாத்தும் அவதான் சுட்டிருக்கா. அவரு செத்துட்டாருன்னும் ஒத்துக்கல. அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே வாசலப் பாத்திருக்கா.” பல வருஷத்துக்குப் பிறகு, ஜீப் நிறைய ஆட்கள் பார்க்க, வாய்விட்டு அழுதாள். ஆனந்தகுமார் ஜீப்பை மெதுவாகவே விட்டான்.

மறுநாள் பெரியமுத்து வந்தார். குருவம்மாள் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“காரியம் வேணாம் மாமா. பத்திரிக்கையில அவரு பேரப் போடுங்க, முன்னால அமரர் கிமரர்னு ஒண்ணும் சேக்காம வெறும் பேரு. தாரை நான் வாக்குறேன்.”

“ஒத்தையிலயா? ஊரு என்ன சொல்லும்?”

“ஒத்தையிலதான வளத்தேன். அப்ப ஊரு ஒண்ணும் சொல்லலயே.”

“அதுக்கில்லம்மா. எங்கயும் இல்லாத வழக்கமா இருக்கே.”

“இருக்கு மாமா.”

“எங்க இருக்கு?”

“உக்ரைன்ல.”

பெரியமுத்து காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “அங்க சண்டையில்ல நடக்குது?” என்றார். டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்துவிட்டுப் போனார்.

முருகன் கோயில் மண்டபத்தில் கல்யாணம். ஜீப் பெண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி “பொண்ணோட அம்மாவா நிக்கிறது?” என்று இழுத்தாள். மாரீஸ்வரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அத்தை வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். தாரை வார்க்கிற நேரம் வந்தது. தண்ணீர்ச் செம்பு ஐயருக்குப் பக்கத்தில் இருந்தது. பெரியமுத்து எழுந்தார். அவர்தான் ஊற்றப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் செம்பை எடுத்துக் குருவம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

குருவம்மாள் இடது கையால் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தாள். வலது கையால் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருக்கும்போது அவள் தலை நிமிர்ந்தது. தண்ணீர் தாம்பாளத்துக்கு வெளியே விழுந்து, கோலத்தை நனைத்துக்கொண்டு ஓடியது. ஐயர் “அம்மா, அம்மா” என்றார்.

ஜீப் பெண்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனந்தியும் மாரீஸ்வரியும் மற்றவர்களும் ஒரேயடியாகத் திரும்பி மண்டபத்து வாசலைப் பார்த்தார்கள்.

வாசலை அடைத்துக்கொண்டு ஆனந்தகுமார் நின்றிருந்தான். இத்தனை பேர் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு அவனுக்கும் புரிந்தது. மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கி, வழியை விட்டு நின்றான்.