கண்ணாடியில் எழுதிய எண்

ஓடுதடத்தின் வாயிலில் கட்டிய கயிற்றைத் தாண்டியபின் எண்ணை மாற்றக் கூடாது என்பது அந்தப் பந்தயத் திடலின் சட்டம். ரொக்ஸான் டெவ்ரீஸ் தன் காரின் பக்கக் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலீஷால் 12.10 என்று எழுதி, கயிற்றைத் தாண்டி நின்றிருந்தாள். பக்கத்துத் தடத்தில் லாமார் பெட்டிஸ் 11.60 என்று எழுதியிருந்தான். கால் மைல் தூரத்தைத் தன் வண்டி எத்தனை நொடியில் கடக்கும் என்பதை ஓட்டுபவரே முன்கூட்டி எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசத்தின் அளவு முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். எழுதிய எண்ணைவிட நூலிழை வேகமாக ஓடினாலும் தோல்வி. இருவருமே மீறினால், குறைவாக மீறியவருக்கு வெற்றி. பந்தயம் என்றால் மிதிப்பது மட்டுமே என்று எண்ணி வேலியோரம் நின்று கத்துகிறவர்களுக்கு இத்தனை ஆண்டுகளாகியும் இது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் எண்ணமும் அவர்களுக்கு இல்லை.

அன்றைய இறுதிப் போட்டியில் கோப்பை ஒரு பொருட்டன்று. மஸ்கீகனில் கார் விற்கும் பூம்ஸ்ட்ரா, அடுத்த ஆண்டு தம் கடையின் பெயரில் ஒரே ஒரு புது வண்டியை ஓடவிடப் போவதாக அறிவித்திருந்தார். வெல்பவரே அதை ஓட்டுவார். அதனுள் எந்த எஞ்சின் இருக்க வேண்டும் என்பதையும் வென்றவரே முடிவு செய்வார். ரொக்ஸானின் வண்டியில் இருந்தது டர்போ இல்லாத ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர். லாமாரின் வண்டியில் இரட்டை டர்போ பூட்டிய ஆறு சிலிண்டர். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் ரொக்ஸானுக்கு நாற்பத்தேழு வயது. அவளுடைய கியர்பெட்டி இந்தப் பருவத்தைத் தாண்டாது. இன்று தோற்றால் அடுத்த ஆண்டு அவளும் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

முன்னால் ஓடிய வண்டி தடம் நெடுக எண்ணெயைக் கொட்டிவிட்டது. துடைத்து முடிக்க அரைமணி நேரமாகும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. பத்தாவது நிமிடத்தில் ஏரிப்பக்கமிருந்து காற்று திரும்பியது.

தங்கை டோரீன் வானிலைமானியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா! எண்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுல இருந்தது எழுபத்தொண்ணுக்கு வந்துருச்சு. இன்னும் எறங்குது!"

ரொக்ஸான் கண்ணாடியிலிருந்த எண்ணைப் பார்த்தாள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. எஞ்சினுக்கு ஒவ்வொரு மூச்சிலும் கூடுதல் பலம். டர்போ காற்றை அளந்து அழுத்தித் தள்ளுவதால் அதில் இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது; டர்போ இல்லாத எஞ்சின் வானம் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும். 12.10 என்று எழுதிய வண்டி இனிப் பன்னிரண்டிலேயே ஓடி முடித்துவிடும்.

அவள் தொடக்க அதிகாரியிடம் விரைந்தாள். "சார், காத்து மாறிடுச்சு. நம்பர மாத்திக்கறேன்."

"கயித்தத் தாண்டிட்டியா, இல்லையாம்மா?"

"தாண்டிட்டேன். ஆனா—"

"அப்புறம் என்ன ஆனா? போய் வண்டியில உக்காரு."

திரும்பி வந்தவள் எஞ்சின் மூடியைத் திறக்காமலே எஞ்சினை முடுக்கிச் சும்மா ஓடவிட்டாள். எஞ்சின் சூடேறினால் உள்ளே போகும் காற்றும் சற்றுச் சூடேறும். கொஞ்சமாவது வேகம் குறையும்.

லாமார் வழக்கம்போலத் உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கத் தன் எஞ்சினின் காற்றுக் குழாய்மேல் இரண்டு ஐஸ் பைகளை வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பை. காலையிலிருந்து அதே கணக்கு. ஒரே மாதிரிச் செய்தால் வண்டியும் ஒரே மாதிரி ஓடும் என்பது அவனுடைய நம்பிக்கை.

"என்ன ராக்ஸ், எஞ்சினுக்குக் காய்ச்சல் வரவைக்கிறியா? ஒரு பை தரட்டா?"

"நீயே வெச்சுக்க லாமார். அழுது முடிச்சப்புறம் கண்ணுல ஒத்திக்கலாம்."

பூம்ஸ்ட்ரா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்னம்மா இது, அடுப்பு மாதிரி கொதிக்குது! மூடியத் தொற. என் பேர ஒட்டிக்கிட்டு ஓடப்போறவ இப்படியா வண்டியக் கொளுத்துவா?"

"பேரு இன்னும் ஒட்டலையே சார். ஒட்டுனப்புறம் திட்டுங்க."

வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தபோது தடம் திறந்தது. லாமார் ஐஸ் பைகளை எடுத்து வீசினான். மற்றச் சுற்றுகளில் அவை பாதி நீராகியிருக்கும். இப்போதோ கட்டி கட்டியாகத் தரையில் விழுந்து உருண்டன. அவன் அதைக் கவனிக்கவில்லை. ரொக்ஸான் கவனித்தாள்: அவனுடைய எஞ்சினும் இன்று வழக்கத்தைவிடக் குளிர்ந்த காற்றைத்தான் குடிக்கப் போகிறது.

மஞ்சள், மஞ்சள், பச்சை. அவள் பாய்ந்தாள். அரை நொடி கழித்து லாமாரும் கிளம்பியது பின்கண்ணாடியில் தெரிந்தது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர். பாதித் தூரப் பலகையைத் தாண்டும்போது எஞ்சின் சுற்றுமானியின் முள் எப்போதும் ஐயாயிரத்து எண்ணூறில் நிற்கும். இப்போது ஆறாயிரத்தையும் கடந்திருந்தது. இருக்கைக்கு அடியில் எட்டு சிலிண்டரின் உறுமல் அவள் அறிந்த சுருதியைவிட மேலே ஏறியிருந்தது. அவ்வளவு சூடேற்றியும் போதவில்லை.

லாமாரின் மூக்கு அவளுடைய பின்சக்கரத்தை எட்டியது. பிறகு கதவை எட்டியது. காலை எடுக்காதே என்று உடம்பு முழுவதும் கூவியது. எடுக்காவிட்டால் முதலில் கோட்டைத் தொடுவாள், தொட்டுத் தோற்பாள். எடுத்தாலோ அவன் கண்ணெதிரே முந்திப்போவான். அவனும் தன் எண்ணை மீறினால்தான் அவளுக்குப் பிழைப்பு.

கரையாத ஐஸை நம்பி அவள் இடக்காலால் பிரேக்கை மிதித்தாள். பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. லாமார் ஒரு வண்டி நீளம் முந்திக் கோட்டைக் கடந்தான். வேலியோரம் கூச்சல் வானைப் பிளந்தது; ஏமாற்றுக்காரி என்று எவனோ கத்தினான். என்ன ஏமாற்று? கண்ணெதிரே நடப்பதைப் படிக்கத் தெரியாதவன் கத்தத்தான் செய்வான்.

வெற்றி விளக்கு அவள் பக்கம் எரிந்தது.

நேரச் சீட்டுகள் வந்தன. அவளுடையதில் 12.11. லாமாருடையதில் 11.57. எழுதியதைவிட நொடியில் நூற்றில் மூன்று பங்கு அதிக வேகம்.

லாமார் சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். "வித்தியாசமே தெரியல ராக்ஸ். எப்பவும் போல அதே சத்தந்தான் கேட்டுச்சு."

"அது எஞ்சின் சத்தம் இல்ல, மண்டு. வண்டி செஞ்ச கம்பெனிக்காரன் உள்ள ஸ்பீக்கர் வெச்சு அந்தச் சத்தத்தப் பாட விட்ருக்கான். எப்பவும் ஒரே பாட்டுத்தான் பாடும்."

அவன் தலையிலடித்துக்கொண்டு சிரித்தான். பூம்ஸ்ட்ரா மட்டும் சிரிக்கவில்லை.

"பிரேக் போட்டு ஜெயிச்சத நான் எப்படிம்மா விளம்பரம் பண்றது? சரி, சொன்ன சொல்லு சொல்லுதான். ஆனா ஆறு சிலிண்டரே எடுத்துக்க. ஜனங்க இப்ப அதத்தான் கேக்கறாங்க."

"எட்டு. டர்போ இல்லாம."

"யோசிச்சுச் சொல்லு. இன்னிக்கு அந்த எட்டுதானே உன்னக் கவுக்கப் பாத்துச்சு?"

"பாத்துச்சு சார். ஆனா கவுக்கறதுக்கு முன்னாடி சத்தத்துலயே எங்கிட்டச் சொல்லிடுச்சே. அதுக்குள்ள காலை எடுத்துட்டேன்."

அவர் முனகிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஆர்டர் தாளை எடுத்து, வண்டி மூடியின்மேல் வைத்தார். சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டு, டோரீனின் முதுகில் வைத்து எழுதத் தொடங்கினார். அவர் கையெழுத்திடும்வரை ரொக்ஸான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.