ஒற்றைக் கண்

காலையில் எழுந்து பசுவைக் கறந்தேன். அடுப்பைக் கிளறி ஓட்ஸ் கூழ் வைத்தேன். என் மனைவி ரோனட்டுக்கு ஏழாம் மாதம். அதனால் குனிகிற வேலையெல்லாம் என்னுடையது. அவள் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

எங்கள் லெய்ன்ஸ்டர் நாட்டு அரசர் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் அவருடைய தம்பி மகன். மடத்தில் லத்தீன் படித்தவன், அரசுரிமை கேட்காதவன். அவருடைய மகன் கோல்கு பட்டத்துக்கு வந்து, உரிமையுள்ள பங்காளிகளை ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டிருந்தான்.

வீட்டைச் சுற்றிய மண் அரணுக்கு வெளியே குதிரைகள் வந்து நின்றன. ரோனட் கத்தியை எடுத்தாள். உடலில் ஊனமுள்ளவன் எங்கள் நாட்டில் அரசனாக முடியாது.

"அசையாத. ஒத்தைக் கண்ணனைக் கொன்னு அவனுக்கு என்ன ஆகப்போகுது?"

நான் அசையவில்லை. என் இடது கண்ணைக் குத்தினாள்.

கோல்கு உள்ளே வந்து, ரத்தத்தைப் பார்த்துச் சிரித்தான். "அட தம்பி, என் வேலைய உன் பொண்டாட்டியே முடிச்சிட்டாளே! பொழச்சுப் போ, போயி லத்தீன் படி."

பிறகு அவள் வயிற்றைப் பார்த்தான். "உள்ள இருக்கிறவனுக்கு ரெண்டு கண்ணும் இருக்குமே," என்று சொல்லி ஈட்டியை அங்கே இறக்கினான். நான் எழுவதற்குள் அவன் ஆட்கள் நாலு பேர் என்னை அமுக்கிப் பிடித்தார்கள். அவர்கள் போன பிறகுதான் அவளை மடியில் எடுத்தேன்.

அவள் அந்த வம்சத்தையே சபித்துவிட்டு இறந்ததாக மடத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவள் யாரையும் சபிக்கவில்லை. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உற்றுப் பார்த்தாள்.

"இன்னொரு கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.