என் வயிற்றில் வேதாசலத்தின் பியர்

எங்கள் ஊரில் ஒருவர் உண்பதும் குடிப்பதும் இன்னொருவர் வயிற்றில்தான் செரிக்கும். யாருடையது யாருக்கு என்பதை வார்டு அலுவலகம் ஒதுக்குகிறது. பெயரை மட்டும் சொல்வதில்லை. அதனால் முதல் கவளத்துக்கு முன்னால் எல்லோரும் காற்றைப் பார்த்து "பொறுத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். இருபத்தொரு வருடம் பிரான்சில் இருந்துவிட்டுத் திரும்பிய எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒதுக்கீடு மட்டும் குடும்ப அட்டையோடு சேர்ந்து வந்துவிட்டது.

எனக்கு வாய்த்தவர் பியர் குடிப்பவர். நான் அதைத் தொடுவதில்லை. ஆனால் அங்கே பியர் ஆலைகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவன் என்பதால் இறங்குவது எந்த வகை என்று தெரிந்துவிடும். லாகர் சுருக்கென்று குத்தும், நாலு ஏப்பத்தில் போய்விடும். கசப்பு தூக்கலான ஐபிஏ நெஞ்சுக்குழியில் எரியும். புளிப்பு பியர் வெறும் வயிற்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த மாதிரி. கருப்பு ஸ்டவுட் கனமானது, சாப்பிட்ட பூனைபோல அடியில் சுருண்டு படுத்துவிடும். கோதுமை பியர்தான் என்னை உட்கார விடாது. அது அவசரப்படாமல் உப்பும், விலா எலும்பு வரை ஏறும், அங்கே நின்றுகொண்டு பேசத் தொடங்கும். தினமும் மூன்று மணியிலிருந்து நான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். சோறு இறங்காது. தேநீரில் நனைத்த ஒரு ரஸ்க், அவ்வளவுதான் என் ஒருநாள் உணவு.

நான் நீதிமன்றத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளன். அறைக்குள் எழும் எந்த ஒலியும் அங்கே வாக்குமூலம்தான்; சுருக்கெழுத்தாளர் மங்கையர்க்கரசி ஒன்றையும் விடமாட்டார். போன மாதம் ஒரு விசாரணையின் நடுவே என் வயிறு 'ஆம்' என்றது. ஒரு மாட்டுத் தரகர் தன் வீட்டில் பாதியை இழந்தார்.

"இது ரெண்டாவது தடவை சார்," என்றார் மங்கையர்க்கரசி. "உங்க வயிறு பேசினது மட்டும் எட்டுப் பக்கம். திங்கக்கிழமையும் பேசுச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க." அம்மா என்றது நீதிபதியை.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இரண்டு மொழி தவிர வேறொன்றும் தெரியாது.

கோதுமை பியர் ஊற்றும் கடைகள் ஊரில் மூன்று. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். மூன்றாவது காஸ்பார் என்பவருடையது. மூலை மேசையில் ஒருவர் கண்ணாடிக் குவளையைத் தூக்கினார், என் வயிறு ஏறியது. கீழே வைத்தார், நின்றது. எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நீங்கதானா?" என்றேன்.

"ஓ, நீங்கதானா?" என்றார் அவரும். "ரொம்பத் தொந்தரவா சார்?"

பெயர் வேதாசலம். ஐஸ் கம்பெனியில் பாளம் அறுக்கிறார்.

"மத்ததெல்லாம் பரவாயில்லை. கோதுமைதான் தாங்கலை."

"எனக்கு என்னா சார் தெரியும்? தொண்டையோட என் வேலை முடிஞ்சுது. அதுக்குக் கீழ உங்க பாடு."

"எதுக்கு இவ்வளவு குடிக்கறீங்க?"

"பசி சார். எனக்கு ஒதுக்கினது எவனோ ஒரு மகராசன், சாப்பிடவே மாட்டேங்கறான். ஒன்றரை வருஷமா உள்ள காத்துதான். நான் சோறு தின்னா அது உங்களுக்குல்ல வருது? போதை மட்டும் எனக்கே நிக்குது. அதுல கொஞ்ச நேரம் பசி மறந்து கெடக்கேன்."

காஸ்பார் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "சும்மா உக்காந்து மேசையை அடைக்கக் கூடாது. கட்லெட் சாப்பிடுங்க."

மரியாதைக்கு ஒரு கடி கடித்தேன். வேதாசலத்தின் குவளை பாதி வழியில் நின்றது.

"சார், இன்னொரு வாய் கடிங்க."

கடித்தேன்.

"காரம் தூக்கல்," என்றார் வயிற்றைத் தடவியபடி. பிறகு என்னையே பார்த்தார். "அடப்பாவி, அந்த மகராசன் நீதானா? ரஸ்க்கைத் தின்னு என்னைக் கொன்னுக்கிட்டிருந்தவன்?"

"நீங்க குடிச்சதாலதான் என்னால சாப்பிட முடியலை."

"நீ சாப்பிடாததாலதான்யா நான் குடிச்சேன்."

காஸ்பார் இரண்டு பேரையும் பார்த்தார். "இப்ப யாருக்கு இலை போடறது?"

எனக்குத்தான் போட்டார். இரண்டாவது சோற்றில் வேதாசலம் பெல்ட்டைத் தளர்த்தினார்.

திங்கட்கிழமை ஐந்து மணி வரை பியரைத் தொடாமல் இருக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் தலையாட்டவில்லை. "மணி மூணு அடிச்சும் குடிக்கலைன்னா கை நடுங்கும். ரம்பம் ஓட்டற கை சார் இது."

"அப்படின்னா ஒண்ணே ஒண்ணு. கருப்பு."

"ஸ்டவுட்டா? கஷாயம் மாதிரி இருக்குமே."

"அது பேசாது."

வேதாசலம் குவளையைத் தள்ளி வைத்தார். "வயிறார சாப்பிட்டுட்டுப் போ. அப்பறம் பாக்கலாம்," என்றார்.

திங்கட்கிழமை மதியம் இலை முன் உட்கார்ந்து, ஊர் திரும்பியபின் முதல்முறையாக "பொறுத்துக்குங்க" என்றேன். சாம்பார் சாதம், வஞ்சிரம் வறுவல், மறுபடியும் ரசத்துக்குச் சாதம். என் வயிற்றில் எதுவும் விழவில்லை.

வழக்கு எல்லைக்கல்லைப் பற்றியது. சவரிநாதன் என்பவர் பக்கத்து நிலத்துக்காரரின் கல்லை ஆறடி நகர்த்தினார் என்று புகார். பழைய பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. நான் நின்று படித்துக்கொண்டிருந்தேன். மூன்று அடித்தது. மங்கையர்க்கரசி பேனாவை என் வயிற்றின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. மூன்றே கால். உள்ளங்கை வியர்த்துப் பத்திரத்தின் ஓரம் நனைந்தது. மூன்று இருபதுக்கு இறங்கியது. எந்த வகை என்று தெரிய இன்னும் இரண்டு வாய் வேண்டும். ஒன்று. இரண்டு. அது அடிவயிற்றில் கனமாகத் திரும்பி ஒருக்களித்துப் படுத்தது. கருப்பு.

அந்த அமைதியில்தான் சவரிநாதனின் வயிறு பேசியது. நல்ல பிரெஞ்சு, வினைச்சொற்கள் சுத்தமாக இருந்தன.

"என்ன சொல்கிறது?" என்றார் நீதிபதி.

"கல்லை நகர்த்தியது தான்தான் என்கிறது. இவருக்குத் தெரியாதாம்."

நீதிபதி வயிற்றுக்கு இரண்டு வருடம் விதித்தார். ஆளை விட்டுவிட்டார். காவலர்கள் அதை நாலடுக்குத் தூக்குச்சட்டியில் வைத்து மூடி எடுத்துப்போனார்கள்.

"உங்க வயிறு ஒரு வார்த்தை பேசலை சார்," என்றார் மங்கையர்க்கரசி தாளைப் புரட்டியபடி. "அடுத்த மாசமும் நீங்கதான்."

வெளியே படிக்கட்டில் சவரிநாதன் தொளதொளத்த வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"போய்ப் பாக்கறதுக்கு விடுவாங்களா சார்?"

"செவ்வாயும் வெள்ளியும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்."

"மோர் எடுத்துட்டுப் போகலாமா? சூடு ஒத்துக்காது அதுக்கு."

"மனு பிரெஞ்சில் போடணும்," என்றேன். "வாங்க, எழுதித் தரேன்."