செவலையின் கொம்பு

கொம்பைக் கையில் வாங்கின உடனேயே அதைச் சுரண்ட வேண்டும் என்று ஜெயராஜுக்குப் பரபரத்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். புதுவாயல் பக்கத்தில் கொம்புச் சாமான் செய்கிற கம்பெனியில் அவன்தான் மூத்த கைக்காரன். மாட்டுக் கொம்போ எருமைக் கொம்போ, சீப்பும் கரண்டியும் கத்திப்பிடியுமாக ஆக்கிக் கப்பலேற்றிவிடுவார்கள். எந்தக் கொம்பு வந்தாலும் முதல் வேலை, மேல்தோலை அரத்தால் எடுப்பது. பளபளப்பு உள்ளேதான் இருக்கிறது, மேலே இருப்பதெல்லாம் அழுக்கு என்பது அவன் கட்சி.

கொண்டுவந்தவள் திலகவதி. ஏழு ஏக்கர் நெல் வயல்காரர் வெங்கடேசனின் மனைவி. அந்த வயலில்தான் ஜெயராஜின் அப்பா வரப்பு வெட்டி, நாற்றுக்கட்டு சுமந்து, ‘ஆண்டே’ என்று கைகட்டி நின்று காலத்தை ஓட்டினார். அந்த வீட்டு அம்மாள் இன்றைக்கு ஜெயராஜ் வீட்டுப் படியேறி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் மனைவி மெர்சி கொடுத்த டீயையும் குடித்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று அவன் சொன்னால் நம்பாதீர்கள்.

“செவல போன மாசம் பூட்ச்சி ஜெயராஜு. பொதைக்கச்சொல்ல ஒரு கொம்ப மட்டும் அவரு அறுத்து எடுத்தாரு. வெச்சிருந்தா நாத்தம் வருது, பூச்சி வுழுது. நீ கொம்பு வேலதான பாக்குற? பாழாவாத மாரி பண்ணிக் குடு.”

“குடுங்கக்கா. ஜோரா பண்ணித் தரேன். செவலையோடதுன்னா நம்பவே மாட்டீங்க.”

பாழாகாமல் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஜோராக்குவதெல்லாம் இவனாகச் சேர்த்துக்கொண்டது.

பத்து நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை அந்தக் கொம்புக்கே கொடுத்தான். கொதிக்க வைத்து உள்ளெலும்பை உருவினான். கொம்பு முழுக்க நீல எனாமல், நுனியில் மஞ்சள் வளையம். அடிப்பக்கத்தில், பெயிண்ட் காய்வதற்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டிருந்தார்கள். ரேகைகூடத் தெரிந்தது. ‘அவசரக் குடுக்கை எவனோ அடிச்சிருக்கான்’ என்று சிரித்துக்கொண்டே அரத்தை முதலில் அங்கேதான் வைத்தான்.

ஆறு வகை உப்புத்தாளில் தேய்த்து, பஃபிங் சக்கரத்தில் காட்டி, தேக்குக் கட்டையில் நிறுத்தினபோது கொம்பு தேன் நிறத்தில் மினுங்கியது. இவன் முகம் அதில் தெரிந்தது. சூப்பர்வைசர் ஸ்டீவன் வாங்கிப் பார்த்துவிட்டு, “இத அப்டியே எக்ஸ்போர்ட் பண்லாம்ணே” என்றான். ஜெயராஜ் தன் ஆயுளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அவள் வீட்டுக்குப் போனான். திலகவதி துணியைப் பிரித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது வேற மாட்டுதா?”

“இல்லக்கா, செவலையோடதுதான். சத்தியமா.”

“நீலம் எங்க?”

அவனுக்கு விளங்கவில்லை. “அது வெறும் பெயிண்ட்டுதானக்கா. எடுத்தாதான பாலிஷ் ஏறும்?”

அவள் கொம்பின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். வழுவழுவென்று இருந்தது.

“மாட்டுப் பொங்கலுக்கு அருணாச்சலந்தான் அடிச்சான். செவல தலைய ஆட்டிச்சு. வுழாம இருக்க கொம்பப் புட்ச்சான், அவன் கட்டவெரலு அப்டியே பதிஞ்சிட்ச்சி. இரும்மா, திருப்பி அடிக்கிறேன்னான். நான்தான் வுட்றா, மாடு மெரளுதுன்னேன். தெனம் சாணி அள்ளச்சொல்ல அதுமேல என் வெரல வெச்சுப் பாப்பேன்.”

அருணாச்சலம் அவளுடைய ஒரே பையன். பொங்கல் கழிந்து இருபதாம் நாள், தேர்வாய் கண்டிகைக்கு வேலைக்குப் போகும்போது லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். ஜெயராஜும் மாலை வாங்கிக்கொண்டுபோய் நின்றவன்தான். தெரியாத சாவு இல்லை. கொம்பையும் சாவையும் சேர்த்துப் பார்க்கத்தான் அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

“சொரண்டுனது இருக்குதா?” என்றாள்.

“இருக்குதுக்கா. எடுத்தாரேன்” என்று வாய் முந்திக்கொண்டது.

வண்டியில் திரும்பும்போது வேறொரு ஞாபகம் வந்து அவனை வதைத்தது. போன வருஷம் வெளிநாட்டுப் பார்ட்டி ஒருத்தன் கத்திப்பிடிக்காக ஒரு பெட்டி தந்தம் அனுப்பியிருந்தான். இப்போது உலகத்திலேயே இல்லாத ஒரு யானையின் தந்தம், பனிமண்ணுக்கடியில் பல்லாயிரம் வருஷம் கிடந்தது. மேலே மரப்பட்டை மாதிரி பழுப்புக் கறை. “அந்தத் தோலத் தொட்டுடாதீங்கண்ணே, அதுக்குத்தான் மதிப்பே” என்று ஸ்டீவன் சொல்லியிருந்தான். ஜெயராஜ் கறைமேல் துணியைச் சுற்றிக் கட்டி, உள்பக்கம் மட்டும் வேலை பார்த்தான். ஒரு இடத்தில்கூட அரம் படவில்லை. முகம் தெரியாத ஒருத்தனுக்காக, யாரும் கண்ணால் பார்க்காத மிருகத்தின் கறையைக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறது. பக்கத்து ஊர்ப் பையனின் விரலைக் காப்பாற்றத் தெரியவில்லை. திலகவதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை. ஆண்டை வீட்டுக்குத் தன் கை என்னவென்று காட்ட நினைத்தான், காட்டியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகக் கம்பெனிக்குப் போனான். சுரண்டல் தூள் மூட்டைகள் ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமையே நர்சரிக்காரர் ரோஜாச் செடிக்கு உரம் என்று அள்ளிப் போயிருந்தார். போன் போட்டான். மண்ணோடு கலந்து தொட்டியெல்லாம் நிரப்பியாகிவிட்டது என்றார். அவனுடைய மேடைக்கு அடியில் மண்டிபோட்டுத் தேடினான். எருமைத் தூள்தான் கிடந்தது.

சாயங்காலம் ஹார்டுவேர் கடையில் சின்ன டப்பா நீல எனாமல் வாங்கினான். கழிவுக் கொம்பு ஒன்றில் அடித்து மாடியில் காயவைத்தான். மூன்றாம் நாள் அதை அரத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது மெர்சி வந்து நின்றாள்.

“இன்னா பண்ணிக்கினு கீற?”

சொன்னான்.

“வாணாம். கெடைக்கலன்னு சொல்லு. கால்ல வுழு. பெத்தவகிட்ட போயி இப்டி பண்ணாத.”

“கெடைக்கலன்னு சொன்னா அது தாங்காது மெர்சி.”

“அதுவா தாங்காது? நீதான் தாங்க மாட்ட” என்றாள் மெர்சி. அவன் தூளைக் காகிதத்தில் மடித்தான்.

திலகவதி பொட்டலத்தை வாங்கி உள்ளங்கையில் கொட்டினாள். கொம்புத் தூளுக்கு நடுவே நீலத் துணுக்குகள்.

“இதேதான். இதே நீலந்தான்” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. “இத்தத் தேடி எடுத்தாந்தியே ஜெயராஜு. நீ நல்லா இருக்கணும். ஒங்கூட்டுப் புள்ளைங்கல்லாம் நல்லா இருக்கணும்.”

ஜெயராஜ் தரையைப் பார்த்தான். இப்போதுகூடச் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துணுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கினாள். பிறகு கையை அவன் பக்கம் நீட்டினாள்.

“நீதான சொரண்டுன, ஒனக்குத் தெரியும். இதுல அவன் வெரலு பட்டது எது?”

ஜெயராஜ் குனிந்து, கொஞ்சம் பெரிதாக இருந்த ஒரு துணுக்கைத் தொட்டுக் காட்டினான். அவள் அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.