ஆமாம் என்றால் ஸ்பேனர்

என் தங்கையின் கணவர் யார் எதைக் கேட்டாலும் முதலில் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். தெருவில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். அந்தப் பெயர் தனக்குப் பொருந்தாது என்று வீடு வீடாகப் போய் வாதாடினார். அதற்கப்புறம் அது பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். அவர் கைபட்ட லிஃப்ட்டுகளுக்கும் அந்தக் குணம் தொற்றியது. ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் மேலே போகிறவர்கள் கீழே போகும் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். குடியிருந்தவர்கள் பழகிவிட்டார்கள். கம்பெனி வேறொருவரை அனுப்பி அதைச் சரிசெய்தது. அந்த வாரம் ஒருவரும் வீடு போய்ச் சேரவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மாப்பிள்ளையும் நம்பியதில்லை.

என் தங்கை கல்யாணமான புதிதிலேயே பிடியைக் கண்டுபிடித்துவிட்டாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால், “குடையெல்லாம் எதுக்கு, சும்மா போங்க” என்பாள். மனிதர் இரண்டு குடையோடு கிளம்புவார். வெளியிலிருந்து பார்த்தால் ஓயாத சண்டை. உள்ளே நல்ல குடித்தனம்.

லிஃப்ட் குழிக்குள் நின்று நட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது.

ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. தொண்டைக்குள் குழாய், மூச்சை ஒரு மெஷின் விட்டது. வாரங்கள் போயின. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: குழாயை இப்படியே வைத்திருக்க முடியாது. ஒன்று, கழுத்தில் துளை போட்டு ஆயுசுக்கும் மெஷினோடு வைத்திருக்கலாம். இல்லை, எடுத்துவிடலாம். எடுத்தால் அவராக மூச்சு விட மாட்டார். முடிவு தங்கை கையில்.

“அவர் முன்னாடி எப்பவாவது இதப்பத்திப் பேசியிருக்காரா?” என்று கேட்டார்.

“நூறு வயசு இருப்பேன்னு சொல்வார்” என்றாள் தங்கை. “ஆனா அது நான், நீங்க சீக்கிரம் போய்ச் சேந்துடுவீங்கன்னு திட்டினப்போ சொன்னது.”

மூளையின் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார்கள். அறுத்து வைத்த காலிஃப்ளவர் மாதிரி இருந்தது. “இதுல வம்பு எந்த இடத்துல இருக்கு?” என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அதத்தான் நாங்களும் தேடுறோம்” என்றார்.

தேடுவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒயர்கள் தொங்கும் ஒரு குல்லாயைத் தலையில் மாட்டினார்கள். உடம்பு அசையாவிட்டாலும், அசைப்பதாக மனசுக்குள் நினைத்தாலே மூளையில் அதற்கென்று ஒரு துடிப்பு வருமாம். பதில் ‘ஆமாம்’ என்றால் வலது கையால் ஸ்பேனரைத் திருப்புவதாக நினைக்க வேண்டும். ‘இல்லை’ என்றால் வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக. டாக்டரம்மா இதை அவர் காதில் நிதானமாக எடுத்துச் சொன்னார். பிறகு, பதில் நமக்கே தெரிந்த கேள்விகளாகக் கேட்டார். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? நீங்கள் தையற்காரரா? இப்படியே ஒரு காலைப்பொழுது முழுக்க, ஒவ்வொன்றையும் பலமுறை.

வெளியே வந்தபோது டாக்டரம்மாவின் முகம் வாடியிருந்தது. “எதிர்பார்த்த மாதிரி வரலம்மா. கல்யாணம் ஆகலைங்குறார். தையற்காரர்ங்குறார். கேள்வி அவருக்குப் புரியலன்னுதான் தோணுது.”

தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “எத்தனை சரியாச் சொன்னார்?”

“ஒண்ணுகூட இல்ல.”

முந்தானை கீழே இறங்கியது. “ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“அண்ணா, அவர் உள்ளதான் இருக்கார்!”

டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தார். பிறகு எங்களுக்குச் சொன்னாரோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரோ தெரியாது: “காசைச் சுண்டிப் போட்டாலும் பாதி சரியா வரணும். பாதிக்குப் பாதின்னா உள்ள யாரும் இல்லன்னு அர்த்தம். எல்லாமே தப்பாச் சொல்லணும்னா எல்லாத்துக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணும்.”

“எங்க மாப்பிள்ளைக்கு அது பூரா அத்துப்படி” என்றேன்.

தங்கை அழுதாள், சிரித்தாள், அவர் படுக்கைக்கு ஓடினாள். “தையற்காரரா நீங்க? ஒரு பட்டன் தைக்கத் தெரியுமா?” என்று அவர் தோளை உலுக்கப் போனாள்; நர்ஸ் பிடித்துக்கொண்டாள். குல்லாய் மட்டும் இல்லாவிட்டால் அது எங்கள் வீட்டுக் கூடம்தான்.

சந்தோஷம் சாப்பாட்டு வேளைவரைகூடத் தாங்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி பாக்கி இருந்தது. உள்ளே ஆள் இருக்கும்போது அதை வேறு யாரிடம் கேட்பது?

“சங்கடம் என்னன்னா” என்றார் டாக்டரம்மா, “மத்த கேள்விக்கெல்லாம் பதில் நமக்குத் தெரியும். அதனால அவர் தலைகீழாச் சொல்றது தெரிஞ்சது. இதுக்குப் பதில் அவருக்கு மட்டும்தான் தெரியும். மெஷின் வேணாம்னு சொன்னா, வேணாமா, வேணுமா? நான் எதை எடுத்துக்கறது?”

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் காதோரம் குனிந்தாள்.

“என்னங்க. இத்தனை வருஷம் உங்ககிட்ட எதையும் நேராக் கேட்டதில்ல. போகச் சொல்லணும்னா இருங்கம்பேன், இருக்கச் சொல்லணும்னா போங்கம்பேன். உங்களுக்கும் அது தெரியும்னு எனக்குத் தெரியும். இப்ப அப்படி இல்ல. நேராக் கேக்குறேன். நீங்களும் நேராச் சொல்லுங்க. வம்பு பண்ணினா நான் தப்பாப் புரிஞ்சுக்குவேன்.” மூக்கை உறிஞ்சினாள். “முதல்ல இதுக்குச் சொல்லுங்க. நான் உங்க பொண்டாட்டியா?”

திரையில் கோடுகள் ஓடின. டாக்டரம்மா பலமுறை கேட்கச் சொன்னார்; தங்கை பலமுறை கேட்டாள்.

“ஸ்பேனர்” என்றார் டாக்டரம்மா. “ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர். ஆமாம்ங்குறார்.”

அந்த ஒரு வார்த்தையை அவள் அவரிடமிருந்து நேராகக் கேட்டு வாங்கியது அன்றைக்குத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி.

“இந்த மெஷினோடவே இருக்கணுமா உங்களுக்கு?”

நேரம் எடுத்தது. “நடக்கறார்” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “இல்லைங்குறார்.”

தங்கை திரையைப் பார்த்தாள். “எந்த ரூம்ல நடக்கறார்?”

“அது தெரியாதும்மா. நடக்கறார்ங்கறது மட்டும்தான் தெரியும்.”

“சமையலறைக்கு வந்தாரா?”

டாக்டரம்மா கேள்வியைத் திருப்பிப் போட்டு, “போதுமா உங்களுக்கு?” என்று அவர் காதில் தானே கேட்டார். ஸ்பேனர் திரும்பியது. அடுத்த நாளும் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும். மாப்பிள்ளை பேச்சு மாறவில்லை. அவர் பிடிவாதக்காரர் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. அது எதற்கெல்லாம் பயன்படும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

தங்கை சம்மதித்தாள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

“குழாயை எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் குல்லாயைக் கழட்டிடுங்க.”

“கடைசியா ஏதாவது சொல்லணும்னு நினைச்சார்னா...” என்று டாக்டரம்மா இழுத்தார்.

“நினைக்கட்டும். அதை யாரும் படிக்க வேணாம்.”

கழற்றினார்கள். குல்லாய் இருந்த இடமெல்லாம் பசை; ஈரத்துணியால் அவளே துடைத்து, முடியை அவர் வாருகிற பக்கம் வாரிவிட்டாள். வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். குழாய் வெளியே வந்தது. எங்களையெல்லாம் வெளியே போகச் சொன்னாள்; மாப்பிள்ளை மருந்தில் அமைதியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு டாக்டரம்மாவும் வெளியே வந்து நின்றார்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அவள் பேசிக்கொண்டிருந்தாள். பேசுவாள், நிறுத்துவாள், யாரோ குறுக்கே பேசுகிற மாதிரி கையை உயர்த்துவாள், கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டி மறுபடி ஆரம்பிப்பாள். அவர் நெஞ்சு நின்றபிறகும் அது ஓயவில்லை. உள்ளே போகலாமா என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“இருங்கம்மா” என்றேன். “பேசி முடிக்கட்டும்.”