அப்பாவுக்கு வழி சொன்னது

ஸ்ரீரங்கத்தைப் பராசரன் கண்ணால் பார்த்ததில்லை. பினாங்கில் பிறந்து, பினாங்கில் படித்து, ஒரு ரப்பர் கம்பெனி ஆபீசில் அப்பாவுக்குப் பக்கத்து மேஜையிலேயே வேலை பார்த்தவன் அவன். ஆனால் சாப்பாடு ஆனதும் அப்பா சக்ரபாணி தினமும் அந்த ஊரைப் பற்றித்தான் பேசுவார். கடல் தாண்டிப் போன குற்றத்துக்காக அவருடைய அண்ணா ஸ்ரீனிவாசராகவன் அவரைத் தலைமுழுகிவிட்டார். அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் திரும்ப சக்ரபாணிக்கு மனம் துணியவில்லை. "என்னைக் காவேரியில கொண்டு சேர்த்துடுடா" என்றுதான் கடைசியாகக் கேட்டார்.

முப்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், பராசரன் அப்பாவின் அஸ்தியைப் பித்தளைச் சொம்பில் இட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டி, டிரங்குப் பெட்டியில் வேஷ்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு நாகப்பட்டணம் போகும் கப்பலில் ஏறினான். டெக் டிக்கெட்தான். சுற்றிலும் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஊர் திரும்பும் ஜனங்கள்.

கப்பல் கிளம்புமுன் சாரங்கு ஜெகபர் சாதிக் டெக்கைச் சுற்றி வந்தார். கப்பல் வேலையாட்களான கலாசிகளுக்கெல்லாம் தலைவர் அவர். நாற்பது வயதிருக்கும்; இரும்புக் கதவு மாதிரி மார்பு. நாகூர் ஆண்டவர் பேரில் ஓதிய சர்க்கரையை ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்துக்கொண்டே, ஒவ்வொருவரிடமும் குனிந்து தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பராசரனிடமும் வந்தார்.

"சாமி, சாம்பல், எலும்புன்னு யாரையாவது கொண்டு வரீங்களா?"

"இல்லையே. எதுக்குக் கேக்கறீங்க?"

"இருந்தா சொல்லிடணும். சொல்லாம ஏத்தினா கப்பல் கனத்துப் போயிடும். நாங்க பட்டிருக்கோம்."

பறித்துக் கடலில் எறிந்துவிடுவார்களோ என்ற பயத்தில் யோசிக்குமுன்னே பொய் வாயில் வந்துவிட்டது. சாரங்கு போனபின் பராசரன் தனக்குள் சிரித்துக்கொண்டான். இரும்பும் நிலக்கரியுமாக இத்தனை ஆயிரம் மணங்கு ஏற்றிய கப்பல், ஒரு சொம்பு சாம்பலில் கனக்குமா என்ன?

கடலுக்குள் போனபின் கலாசிகளின் பயங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தோட்டத்து ஆள் ஒருவன் சும்மா விசிலடித்தான். அருள்நாதன் என்ற வேளாங்கண்ணிக் கலாசி ஓடி வந்து அவன் வாயைப் பொத்தினான். விசிலடித்தால் காற்று தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு வந்துவிடுமாம். அன்று சாயங்காலமே காற்று வந்தது. கப்பலுக்குப் பின்னால் ஒரு சுறாவும் வந்தது. சமையல்கட்டில் கொட்டுவதைத் தின்ன வருகிறது என்று பராசரன் நினைத்தான். கப்பலில் சாவு இருந்தால்தான் சுறா பின்தொடருமாம்; கலாசிகள் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

எதிர்க்காற்றில் கப்பல் தவழ ஆரம்பித்தது. "கனக்குது" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் தலையாட்டினான். மறுநாள் பெரிய அலையொன்றில் கப்பல் சாய்ந்தபோது, இழுத்துக் கட்டியிருந்த வடம் அறுந்து அருள்நாதனின் தோளில் சாட்டை மாதிரி விழுந்தது. எலும்பு இடம் பெயர்ந்துவிட்டது. நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு பராசரனின் பெட்டியைத் தாண்டித்தான் போனார்கள். வடம் பழசு, அதனால் அறுந்தது. அதில் பராசரனுக்குச் சந்தேகமில்லை. இருந்தும் பெட்டியின் மேல் வைத்த கையை அன்று அவனால் எடுக்க முடியவில்லை.

அமாவாசை நெருங்கியிருந்த சமயம் அது. பொழுது சாய்ந்து சற்று நேரத்தில் காற்று ஒரேயடியாக நின்றது. படுத்திருந்த பராசரனுக்குத் தன் உள்ளங்கை தெரிந்தது. விளக்கு ஏதும் பக்கத்தில் இல்லை. எழுந்து போய் டெக் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

கடல் வெள்ளையாக இருந்தது.

அலையின் நுரையில்லை. நிலா வெளிச்சமுமில்லை, நிலாவே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் முழுவதும் அடியிலிருந்தே வெளுத்து, காய்ச்சிய பால் ஆடை கட்டப் போகிற தருணத்தில் நிற்பதுபோல அசையாமல் நின்றது. வானம் அதற்கு மேல் கரியாகக் கவிந்திருந்தது. வெளிச்சம் கீழிருந்து வந்ததால் மனிதர்களின் முகவாயும் மூக்குத் துவாரமும் ஒளிர, கண்கள் இருட்டுக்குள் இருந்தன. கப்பல் மிதக்கிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. மேலே வெள்ளைக்கார மாலுமிகள்கூடத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ கலிமா சொன்னார்கள். தோளில் கட்டோடு அருள்நாதன் மண்டியிட்டிருந்தான். தோட்டத்துப் பெண்கள் குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

அப்பா சொன்ன பெருமாள் எந்தக் கடலில் படுத்திருக்கிறாரோ அந்தக் கடல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பராசரனுக்குத் தோன்றியது. தோன்றியதுமே, அவ்வளவு பெரியதன் முன்னால் ஒரு சின்னப் பொய்யை வைத்துக்கொண்டு நிற்பது தாங்க முடியாமல் போயிற்று. பெட்டியைத் திறந்தான். சொம்பை எடுத்துக்கொண்டு நேரே சாரங்கிடம் போனான்.

ஜெகபர் சாதிக் சொம்பைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"யாரு?"

"எங்கப்பா."

"பேரு?"

"சக்ரபாணி."

"தூக்கிப் போட்டுடலாம் சாரங்கு" என்றான் பின்னாலிருந்த ஒரு கலாசி. இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். பராசரன் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டான்.

சாரங்கு கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். "கூட்டிட்டு வந்ததுல தப்பில்ல சாமி. அவர்கிட்ட எங்க போறோம்னு சொன்னீங்களா?"

"யார்கிட்ட?"

"உங்க அப்பாகிட்ட. மௌத்தானவங்களுக்குப் போற இடம் தெரியணும். தெரியலன்னா பயந்துபோய் கப்பலைப் பிடிச்சுக்குவாங்க. அதான் கனம். சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். சத்தமா சொல்லுங்க."

பராசரன் சொம்பைக் கம்பியின் மேல் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நாம நாகப்பட்டணம் போயிண்டிருக்கோம். அங்கேர்ந்து ரயில். தஞ்சாவூர் தாண்டி திருச்சினாப்பள்ளி." சொம்பை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். "தூரத்துல வரப்பவே மலைக்கோட்டை தெரியும். ஜங்ஷன்ல இறங்கி ஜட்கா வச்சுப்போம். காவேரிப் பாலம் வரும். ஆடி மாசம் அப்பா, ஜலம் செக்கச் செவேல்னு போகும். பாலத்துல வண்டிக்காரனை மெதுவாப் போகச் சொல்றேன். கீழே எட்டிப் பார்த்துண்டே போகலாம். அப்புறம் மாம்பழச் சாலை. அப்புறம் அம்மா மண்டபம். வழுக்கற படி எதுன்னு நீங்க சொல்லியிருக்கேள். எனக்கு ஞாபகம் இருக்கு."

அவ்வளவும் அப்பாவின் வார்த்தைகள். அப்பா சொன்ன ஊரை அவன் அப்பாவுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல குரல் தெளிந்தது. ராய கோபுரத்தைச் சொன்னான். கட்டி முடிக்காமல் மொட்டையாக நிற்கும், ஆனாலும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உத்தர வீதியைச் சொன்னான். பெரியப்பா வீட்டு வாசலைச் சொன்னான். "பெரியப்பா கதவைத் திறப்பாரோ மாட்டாரோ, தெரியலை. நான் தட்டறேன். நீங்க பயப்படாதேங்கோ."

கலாசிகள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளைக் கடலின் நடுவே எஞ்சின் சத்தமும் அவன் குரலும் மட்டும்தான் இருந்தன.

"எனக்கும் திருச்சிதான் சாமி" என்றார் ஜெகபர் சாதிக். "நத்தர்வலி தர்கா பக்கம். வீட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு." பிறகு கப்பலின் கம்பியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மாட்டின் முதுகில் கை வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. "இப்ப சரியாயிடுச்சு" என்றார்.

விடியும்வரை அவர்கள் அந்த வெண்மைக்குள்ளேயே போனார்கள். யாரும் தூங்கவில்லை. கீழ்வானம் வெளுத்தபோது கடல் தன் பழைய நிறத்தைப் போர்த்துக்கொண்டது. சுறாவைக் காணவில்லை. அதற்கப்புறம் கலாசிகள் சக்ரபாணியையும் ஒரு பிரயாணியாகவே நடத்தினார்கள். உருளாமலிருக்கப் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அருள்நாதன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "பெரியவர் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா கதவைத் திறந்தார். கோயில் கைங்கர்யத்திலேயே நரைத்த மனிதர். வாசலில் நின்ற இளைஞனையும் அவன் கையிலிருந்த சொம்பையும் மாறிமாறிப் பார்த்தார். தம்பியின் ஜாடை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"எப்போ?"

"ஆனி மாசம், பெரியப்பா."

அவர் அங்கவஸ்திரத்தை எடுக்க உள்ளே திரும்பினார். "அங்கேயே நில்லு. வரேன்."

இருவரும் அம்மா மண்டபத்துக்கு நடந்தார்கள். பெரியப்பா நாலடி தள்ளியே வந்தார். பாதி வழியில், உயிரோடிருப்பவனைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். "சமுத்திரத்துல அவனுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே?"

பராசரன் நடந்ததையெல்லாம் சொன்னான். தன் பொய்யையும் மறைக்கவில்லை. பெரியப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஜட்கா ஒதுங்கிப் போயிற்று.

"வெள்ளைன்னா என்ன? நுரையா?"

"நுரை இல்லை. ஜலமே வெள்ளை. அலை இல்லை, சத்தம் இல்லை. எங்கே முடியறதுன்னே தெரியலை."

"அது மேலேயா அவன் வந்தான்?"

"ஆமாம் பெரியப்பா. ராத்திரி பூரா."

ஸ்ரீனிவாசராகவன் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்தார். சந்நிதிக்குள் நுழையுமுன் செய்வதுபோல அதை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார். பிறகு கிட்டே வந்து கையை நீட்டினார். "கொடு. நான் எடுத்துண்டு வரேன்."

படித்துறையில் காவேரி பாதிப் படிகளை விழுங்கியிருந்தது. பெரியப்பா சொம்பைப் பராசரனிடம் திருப்பிக் கொடுத்தார்; வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடாமல் அவன் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மந்திரம் சொல்லும்போது குரல் உடையாமல் பார்த்துக்கொண்டார். பராசரன் சொம்பைச் சாய்த்ததும் செந்நீர் ஒரே மடக்கில் வாங்கிக்கொண்டது.

தீட்டுக் கழிந்த அன்று சாயங்காலம் பெருமாளைச் சேவிக்க அழைத்துப் போனார். கர்ப்பக்கிரகத்தின் இருட்டில், விளக்கு காட்டிய இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருமேனி நீண்டுகொண்டே போயிற்று. இதே மாதிரி அளவில் அடங்காத ஒன்றைத்தான் பராசரன் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தான். பக்கத்தில் பெரியப்பா, வாழ்நாளெல்லாம் சேவித்த திருமேனியைப் புதிதாகப் பார்ப்பவர்போல வாய் திறந்து நின்றார்.

பராசரன் பினாங்குக்குத் திரும்பிய நாளில், ஜங்ஷனில் ரயில் நகரப் போகும் சமயம் பெரியப்பா கூஜாவோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்கே பெரியப்பா?"

"நாகப்பட்டணம் வரைக்கும். சமுத்திரத்தைப் பார்க்கணும்."

கரையில் நல்ல வெயில். கடல் நீலமாக, சந்தடியாக இருந்தது. கப்பல் தூரத்தில் நிற்க, ஜனங்கள் படகுகளில் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஈர மணலில் போய் நின்று கை கூப்பினார். ஓர் அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. அவர் பின்வாங்கவில்லை. அடுத்ததற்காகக் காத்து நின்றார்.